உறுதிச் சீட்டு

காலையில் அக்காவின் அழைப்பு வந்தபோது பல்செட்காரர் ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். அது அவருடைய அப்பாவுக்கு. அப்பா பழைய செட்டை எங்கோ தொலைத்துவிட்டார். அதற்கு முந்தையதையும் தொலைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அக்கா போனில் சொல்வாள். இவர் இன்னொன்று செய்து கூரியரில் அனுப்புவார். அப்பாவின் வாய் அச்சு இவருடைய பட்டறை அலமாரியில் இருந்தது. அப்பா அக்காவிடம் இருந்தார்.

"எப்படா கிளம்பற?" என்றாள் அக்கா.

"சாயங்கால ஃப்ளைட்க்கா. சொன்னேனே."

"அது சரிப்படாது. நீ வந்தாத்தான் உள்ள போவேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

பல்செட்காரர் மோட்டாரை நிறுத்தினார். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. அறுவைச் சிகிச்சை அன்று பிற்பகல். மாலை விமானத்தில் போனால், இவர் மருத்துவமனையை அடையும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்படித்தான் ஏற்பாடு.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல முடியாதுன்னார். நாளைக்கு அவர் வெளிநாடு போறாராம். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமான்னு கேட்டேன். அத கட்டிகிட்டதான் கேக்கணும்னார்."

"அக்கா, இந்த நேரத்துல அடம்புடிச்சா எப்படி?"

"மதிய ஃப்ளைட்ல இடமிருக்கான்னு இன்னொரு தடவை பாரு. அன்னிக்கு இல்லேன்ன. இப்ப யாராவது கேன்சல் பண்ணியிருப்பாங்க. உன்கிட்ட நேர்ல ஒரு விஷயம் கேக்கணும்டா. கேட்டுட்டுத்தான் போவேன்."

"அப்பா எங்க?"

"இங்கதான், பக்கத்துல. யார்கிட்ட விட்டுட்டு வர்றது? நர்ஸையெல்லாம் டீச்சர், டீச்சர்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

போனை வைத்துவிட்டுப் பல்செட்காரர் பற்களிலிருந்த தூசியை ஊதினார். மதிய விமானத்தில், சீட்டு எடுத்த அன்றைக்கும் இடம் இருந்தது. ஒரே விலைதான். இல்லை என்று சொன்னது இவர். அக்கா நேரில் கேட்கப்போகும் விஷயம் என்னவென்றும் இவருக்குத் தெரியும்.

செட்டை ஈரப் பஞ்சில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

*

விமான நிலையத்தில் அந்த நிறுவனத்தின் கவுண்டருக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உங்கள் முடிவை நாங்கள் மதிக்கிறோம்.'

அந்த நிறுவனம் இரண்டு வகைச் சீட்டுகளை விற்றது. ஒன்று சுதந்திரச் சீட்டு. அதை வாங்கியவர்கள் நினைத்தபோது நினைத்த விமானத்தில் போகலாம். அவர்களை யாரும் பார்த்ததில்லை. மற்றது உறுதிச் சீட்டு. அதை மாற்ற முடியாது, திருப்பித் தர முடியாது, வருத்தப்படவும் முடியாது. விளம்பரத்தில் அலை மோதும் பாறையின் படம் போட்டிருந்தார்கள். பல்செட்காரரிடம் இருந்தது உறுதிச் சீட்டு, மறுநாள் திரும்பி வருவதற்கும் சேர்த்து.

"வணக்கம் சார். உங்க உறுதிக்கு நன்றி," என்றாள் கவுண்டர்ப் பெண்.

"எனக்கு மதிய ஃப்ளைட் வேணும்மா."

அவளுடைய சிரிப்பு அப்படியே இருந்தது. விசைப்பலகையில் விரல்கள் மட்டும் நின்றன.

"இடமிருக்கா?" என்றார்.

"நிறைய இருக்கு சார்."

"அப்ப ஒண்ணு குடுங்க."

"இடம் இருக்கறது வேற சார். உங்களுக்கு இருக்கறது வேற." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் சார் வேணும்னு சொன்னீங்க?"

"வேணும்னா வேணும்னுதானம்மா சொல்லணும்."

"ஐயோ." மேசைமேல் இருந்த சின்ன மைக்கைக் கண்ணால் காட்டினாள். "பதிவாயிடுச்சு."

என்ன தவறு செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் செய்துவிட்டது போலத்தான் இருந்தது. அன்று காலையிலிருந்தே அவருக்கு அப்படித்தான் இருந்தது.

அவள் விளக்கினாள். மாலை விமானத்தில் இருக்கும் இடங்களைவிட அதிகமாகச் சீட்டு விற்றுவிட்டார்கள். மதிய விமானமோ காலி. எனவே மாலைக்காரர்களில் சிலரை மதியத்துக்கு மாற்றியாக வேண்டும்.

"காலையிலேர்ந்து ஆள் தேடிக்கிட்டு இருக்கோம் சார்."

"அதான் நான் வந்துட்டேனேம்மா!"

"நீங்க விரும்பறீங்களே சார்."

"விரும்பினா என்ன?"

"உறுதிச் சீட்டுல விருப்ப மாற்றம் கிடையாது. விருப்பமில்லா மாற்றம்தான் உண்டு. நீங்க கேட்டு நாங்க குடுத்தா அது சலுகை. நீங்க வேண்டாம்னு கத்தக் கத்த நாங்க குடுத்தா அது நடவடிக்கை. நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு. சலுகை குடுக்க இல்ல."

"நான் வாயே திறக்காம இருந்திருந்தா?"

"நானே கேட்டிருப்பேன், மதியம் போறீங்களான்னு. என்ன விளையாடறீங்களான்னு சண்டைக்கு வந்திருப்பீங்க. உடனே அனுப்பி வச்சிருப்பேன்."

"சரிம்மா. இப்ப எனக்கு வேண்டாம்."

அவள் முதல்முறையாகச் சிரிப்பை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "சார், எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

அப்போது பின்னால் ஒரு சத்தம். உருண்டையான ஒரு மனிதரை இரண்டு ஊழியர்கள் மதிய விமானத்தின் வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் சிமெண்ட் ஏஜென்ட் என்பது அவருடைய கூச்சலிலிருந்தே தெரிந்தது.

"விடுங்கய்யா! மதியம் இங்க எனக்கு மீட்டிங் இருக்கு! லாரி லாரியா சிமெண்ட் நிக்குது! எனக்குச் சாயங்காலம்தான்யா போகணும்!"

"மன்னிக்கணும் சார்," என்று சொல்லிக்கொண்டே தள்ளினார் ஒருவர். "ரொம்ப மன்னிக்கணும் சார்," என்று சொல்லிக்கொண்டே பையைப் பிடுங்கினார் மற்றவர்.

பல்செட்காரர் ஓடினார். "இவரை விட்டுடுங்க! இவருக்குப் பதிலா நான் போறேன்!"

சிமெண்ட் ஏஜென்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்க சார்! யோவ், இந்த மகராசனை அனுப்புங்கய்யா!"

மேற்பார்வையாளர் வந்தார். ஒல்லியான மனிதர். டையில் ஒரு சின்ன வெள்ளி விமானம் குத்தியிருந்தது. இருவர் சொன்னதையும் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"அதாவது, அவர் சாயங்காலம் போவார், நீங்க மதியம் போவீங்க. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

"ஆமா சார்."

"அப்ப அதுல எங்களுக்கு என்ன வேலை?"

சிமெண்ட் ஏஜென்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இன்னொருத்தருக்காகப் போறேன்னு சொல்றீங்க பாருங்க," என்றார் மேற்பார்வையாளர், "அது தியாகம். தியாகம்னா என்ன? முத்திப்போன விருப்பம். சாதாரண விருப்பத்தையே நாங்க அனுமதிக்கறதில்ல."

"சார், எங்க அக்காவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். நான் போனாத்தான் உள்ள போவேங்கறாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். அதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்."

மேற்பார்வையாளரின் முகம் இளகியது. "அடடா. அவசர நிலைக்குத் தனியா ஒரு விதி இருக்கே, சொல்லக் கூடாதா? ஒரே ஒரு நிபந்தனைதான். அவசரம் எதிர்பாராததா இருக்கணும். டிக்கெட் வாங்கும்போது ஆபரேஷன் விஷயம் தெரியுமா உங்களுக்கு?"

பல்செட்காரர் கீழே பார்த்தார். தரை நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது. "தெரியும்."

"நாள் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சாயங்காலம் எடுத்தீங்க."

"ஆமா."

"அப்ப இது அவசரம் இல்ல சார். திட்டம்."

அவர் பல்செட்காரரின் தோளில் கை வைத்துச் சுவர்ப் பக்கமாக அழைத்துப் போனார். மேலே எழுதியிருந்ததைக் காட்டினார்.

"படிச்சீங்களா? உங்கள் முடிவை நாங்கள் மதிக்கிறோம். அன்னிக்கு ஒரு மனுஷன் வந்தார். சாயங்காலம் போதும்னார். எந்தத் தொந்தரவும் இல்ல. தங்கமான ஆள். அவர்கூட நாங்க ஒப்பந்தம் போட்டோம். இன்னிக்கு நீங்க யாரோ வந்து, அவரோட முடிவை மாத்துங்கறீங்க. உங்க பேச்சைக் கேட்டு அவருக்கு நாங்க துரோகம் பண்ணலாமா?"

"அதுவும் நான்தான் சார்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

அந்த ஆளைத் தங்கமானவர் என்று சொன்னதுதான் பல்செட்காரருக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. அக்கா.

"கிடைச்சிருச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"இடம் இருக்காமா இல்லையாமா?"

"இருக்கு. இல்ல. இரு, சொல்றேன்."

"ஏன்டா ரெண்டையும் சொல்ற?" பின்னால் அப்பாவின் குரல், டீச்சர், வீட்டுக்குப் போலாமா என்று கேட்டது.

மேற்பார்வையாளர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். போனை வைத்ததும் சொன்னார். "ஒரு வழி இருக்கு. விருப்ப விசாரணை. நீங்க கவுண்டர்ல சொன்ன விருப்பம் உண்மையான விருப்பம் இல்லன்னு விசாரணை அதிகாரி சொல்லிட்டார்னா, பதிவை அழிச்சிடுவோம். ஆனா ஒண்ணு. அவர்கிட்ட நடிச்சவங்க யாரும் தேறினதில்ல."

*

விசாரணைக்கு முன்னால் உட்காரவைக்கும் அறை ஒன்று இருந்தது. ஒரு முழுச் சுவர் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மதிய விமானம் நின்றது. அதற்கு எண்ணெய் நிரப்பினார்கள், படியை ஒட்டினார்கள், சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றினார்கள். கண்ணாடியைப் பார்த்தபடி நாற்காலிகள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். மூலையில் ஓர் ஊழியர் நின்று, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார்.

ஏற்கெனவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் விருப்பமில்லாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். அவர் தாடை வலிப்பது பல்செட்காரருக்குத் தெரிந்தது.

பக்கத்து நாற்காலி அம்மாள் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"பையை மடியில வைக்காதீங்க. மடியில வச்சா ஆசைம்பாங்க. கீழ தள்ளுங்க. காலாலயே தள்ளுங்க."

தள்ளினார்.

"நீங்க எப்ப வந்தீங்கம்மா?"

"நேத்திக்கு. மதியமும் போச்சு, சாயங்காலமும் போச்சு. பொண்ணுக்கு வளைகாப்பு. அதுவும் முடிஞ்சுபோச்சு. இப்ப நிஜமாவே எனக்குப் போக விருப்பம் இல்ல சார். சத்தியமா இல்ல. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"விருப்பம் இல்லேன்னா வீட்டுக்குப் போயிருப்பீங்களேங்கறாங்க. போறேன்னு எழுந்தா, பாத்தீங்களா போக விரும்பறீங்கங்கறாங்க."

பல்செட்காரர் தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். மூலை ஊழியர் குறித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார்கள்.

*

விசாரணை அதிகாரி வயதானவர். சாந்தமானவர். மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர் இருந்தது. பையைத் திறக்கச் சொன்னார். ஒரு சட்டை, ஒரு துண்டு, பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைத் திறந்தார்.

"இது யாரோடது?"

"எங்க அப்பாவோடது."

"அப்பா?"

"அக்காகிட்ட இருக்கார்."

"பல்லு உங்ககிட்ட. அப்பா அக்காகிட்ட." அதிகாரி தலையசைத்தார். டப்பாவை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "சொல்லுங்க. ஏன் சாயங்கால விமானம் எடுத்தீங்க?"

"மதியத்துல இடம் இல்ல சார்."

"இருந்துச்சு."

"விலை..."

"ஒரே விலை. பொய் சொல்லாதீங்க. எதையாவது விரும்பறவங்கதான் பொய் சொல்லுவாங்க. அது உங்களுக்கு நல்லதில்ல."

அந்த அறையிலும் இருந்த கண்ணாடிச் சுவருக்கு வெளியே, விமானப் படியில் யாரோ ஏறத் தொடங்கியிருந்தார்கள். பல்செட்காரர் பார்க்கவில்லை. தேநீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்கா உள்ள போறதுக்கு முன்னால என்கிட்ட ஒண்ணு கேப்பாங்க. எனக்கு ஏதாவது ஆயிட்டா அப்பாவை நீ வச்சுக்குவியான்னு கேப்பாங்க. அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. கதவைத் திறந்துபோட்டுட்டு எங்கயாவது போயிடுவார். எங்க வீடு ரெண்டு ரூம். நான் வேலை முடிச்சு வர்றதுக்கே இருட்டிடும். அக்கா கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாது. சரின்னும் சொல்ல முடியாது. அதான் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் போய்ச் சேர்ற மாதிரி எடுத்தேன்."

"முடிஞ்சப்புறம் கேட்டா?"

"நல்லபடியா முடிஞ்சிட்டா கேக்க வேண்டிய அவசியம் இல்ல." நிறுத்தினார். "இல்லேன்னா கேக்கறதுக்கு ஆள் இல்ல."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"இத உக்காந்து யோசிச்சீங்களா?"

"ஆமா சார். பல்லுக்கு மெருகு போடும்போது யோசிச்சேன்."

"அப்ப உங்களுக்குப் போக விருப்பம் இல்ல."

"இல்ல."

"அது அன்னிக்கு. இப்ப?"

பல்செட்காரர் நேர்மையாக யோசித்தார். "இப்பவும் இல்ல சார். போயாகணும். அது வேற."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணியை அடித்தார். மேற்பார்வையாளர் வந்தார். கவுண்டர்ப் பெண்ணும் வந்து கதவோரம் நின்றாள்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல," என்றார் அதிகாரி. "ஒவ்வொருத்தரும் இங்க வந்து விருப்பமில்லாத மாதிரி நடிப்பாங்க. உள்ளுக்குள்ள பாத்தா ஒரே ஆசை. அம்மா, பிள்ளை, வேலை, காதல். அசிங்கம். இவர் அப்படி இல்ல. இவர் கவுண்டர்ல நின்னு போக விரும்பற மாதிரி நடிச்சிருக்கார்! சொந்த அக்கா, சொந்த அப்பா. ஒரு துளி விருப்பம் இல்ல. சுத்தம். பதிவை அழிச்சிடுங்க."

மேற்பார்வையாளர் இரண்டு கைகளாலும் பல்செட்காரரின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுடுங்க சார். அன்னிக்கு டிக்கெட் வாங்கின தங்கமான மனுஷன் நீங்கதான்னு இப்பதான் நம்பறேன்."

"புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு உங்களைப் பத்திச் சொல்லலாமா?" என்றார் அதிகாரி. "பேர் சொல்ல மாட்டோம். ஒரு அக்கா, ஒரு தம்பின்னு மட்டும்."

பல்செட்காரர் டப்பாவைக் கேட்டார். கொடுத்தார்கள்.

*

விருப்பமில்லாமல் அனுப்பப்படும் பயணியிடம் ஒவ்வொரு கட்டத்திலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. கவுண்டர்ப் பெண் கேட்டாள். பையைச் சோதித்தவர் கேட்டார். வாசலில் சீட்டைக் கிழித்தவர் எழுந்து நின்று கேட்டார். ஊழியர்களோடு விமானப் படியை நோக்கிப் போகும் வழியில் பாட்டு டீச்சர் இருந்த அறையைக் கடந்தபோது, அவள் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தாள். கொட்டாவி விட முயன்றாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏறுவதற்கு முன் அக்காவை அழைத்தார். "வர்றேன்க்கா."

"கிடைச்சிருச்சா! நல்லவங்கடா அவங்க. என் பேரைச் சொல்லி ஒரு தேங்க்ஸ் சொல்லிடு."

விமானத்தில் இவரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சிமெண்ட் ஏஜென்ட். பின்னால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். பணிப்பெண் வெந்நீரில் நனைத்த துண்டு கொண்டுவந்தாள். குனிந்து இவர் காதருகில் சொன்னாள்.

"உங்க விருப்பத்துக்கு மாறா உங்களை உங்க குடும்பத்துக்கிட்ட சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்கு நிறுவனம் வருத்தப்படுது சார்."

"பரவாயில்லம்மா."

"தயவுசெஞ்சு பரவாயில்லன்னு சொல்லாதீங்க சார். யாராவது கேட்டா எனக்குப் பிரச்சினை."

விமானம் மேலே ஏறியதும் விமானியும் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார். பல்செட்காரர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"உனக்கென்னய்யா," என்றார் சிமெண்ட் ஏஜென்ட். "கேட்டது கிடைச்சிருச்சு. எப்படிய்யா தேறின? அந்தக் கிழவன் பொல்லாதவனாச்சே. என்ன பொய் சொன்ன?"

"பொய் சொல்லல."

"பின்ன?"

பல்செட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகம்தான் இருந்தது.

*

அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் பச்சைத் தொப்பி. அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே, ஜன்னலில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. பக்கத்து பெஞ்சில் அப்பா வாய் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டார்ல? போலாமாம்மா?"

"ஒரு நிமிஷம் சிஸ்டர்." அக்கா தம்பியைப் பார்த்தாள். "யாரு கேன்சல் பண்ணினாங்களாம்?"

"யாரும் பண்ணலக்கா. இடம் இருந்துச்சு."

"இன்னிக்கா?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

அக்கா கூரையைப் பார்த்தாள். பல்செட்காரர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். வரவில்லை. அன்று முழுவதும் எல்லோரும் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டிருந்தார்கள்.

"அப்பா பல்லைத் தொலைக்கல," என்றாள் அக்கா.

"என்ன?"

"ஒரு தடவைகூடத் தொலைக்கல. போட்டா குத்துதுங்கறார். கழட்டி எறிஞ்சிடறார். எல்லாம் வீட்ல டிராயர்லதான் கிடக்கு. ஈறு சுருங்கிப்போச்சுடா. நேர்ல வந்து புது அச்சு எடுக்கணும். வான்னு சொன்னா நீ ஏதாவது ஒரு காரணத்தைத் தேடணும். உன்னை எதுக்குச் சிரமப்படுத்தறதுன்னு தொலைச்சிட்டார்னு சொன்னேன்."

நர்ஸ் தொண்டையைச் செருமினாள்.

"சரி," என்றாள் அக்கா. "நான் கேக்க நினைச்சது..."

"அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"எனக்கு ஏதாவது ஆயிட்டாதானே?"

"ஆகலேன்னாலும். நீ எழுந்து நடமாடற வரைக்கும் இங்க இருக்கேன். அப்புறம் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "மனசாரச் சொல்றியா?"

ஆமாம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்வது சுலபம்.

"இல்லக்கா," என்றார். "ஆனா கூட்டிட்டுப் போறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஆமான்னு நீ சொல்லியிருந்தா இப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்டா. சிஸ்டர், தள்ளுங்க."

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பல்செட்காரர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"உங்களைத்தான்பா."

"நல்லது," என்றார் அப்பா.

போன் ஒலித்தது. நிறுவனத்திடமிருந்து செய்தி. 'மதிப்புக்குரிய விருப்பமில்லாப் பயணிக்கு. தங்கள் விருப்பமின்மை எங்கள் பதிவில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டது. போக விரும்பாதவர் திரும்பி வர விரும்புவார் என்பது தெளிவு. உறுதிச் சீட்டில் விருப்பத்துக்கு இடமில்லை. எனவே நாளைய தங்கள் திரும்பும் பயணம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

இரண்டு முறை படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"யாரு?" என்றார் அப்பா.

"ஏரோப்ளேன்காரங்க. மன்னிப்புக் கேக்கறாங்க."

"என்ன பண்ணினாங்க?"

"தெரியலப்பா."

"மன்னிச்சு விட்டுடுங்க," என்றார் அப்பா. "பாவம், என்ன கஷ்டமோ."

பல்செட்காரர் டப்பாவைத் திறக்கவில்லை. குழாயில் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்தார்.

"வாயைத் திறங்கப்பா. பெருசா."

அப்பா திறந்தார். இவர் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மேல் ஈறைத் தடவினார். அலமாரியில் இருந்த அச்சு இவருக்கு மனப்பாடம். அதில் மேடாக இருந்த இடமெல்லாம் இங்கே தேய்ந்து தட்டையாக இருந்தது. பின்பக்கம் ஓரிடத்தில் பழைய செட் குத்திய புண் ஆறிக் காய்த்திருந்தது. அங்கே விரல் பட்டதும் அப்பா வெறும் ஈறால் கடித்தார்.

வலிக்கவே இல்லை. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.